பள்ளி நூலகத்துக்குச் சமூக ஊடகம் துணையா, தொல்லையா? 'துணையே' அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். சமூக ஊடகம் பிள்ளைகளின் கவனத்தைச் சிதறடிக்கிறது, அங்கே பொய் மலிந்து கிடக்கிறது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பள்ளியில் மிச்சமிருக்கும் ஒரே அமைதியான அறை நூலகம், அதையாவது விட்டுவையுங்கள் என்று முடித்தார். நானும் கைதட்டினேன் ஐயா, ஏனென்றால் அவர் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் அந்த மூன்றையும் காரணமாகக் காட்டி நூலகத்தின் கதவைச் சாத்தச் சொன்னாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே மூன்று காரணங்களுக்காகத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

பொய்யிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று 2016இல் மாணவர்களிடம் ஒரு சோதனை வைத்தது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தித் தளத்தின் முகப்பைக் காட்டி, இதில் எது செய்தி, எது விளம்பரம் என்று கேட்டார்கள். ஒரு விளம்பரத்தின் மேல் 'பணம் கொடுத்து வெளியிடப்பட்டது' என்ற பொருளில் எழுதியே இருந்தது. அப்படியும் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதைச் செய்தி என்றே நம்பினார்கள். இவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. இணையத்திலேயே வளர்ந்த பிள்ளைகள்.

அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வைத்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் இரண்டு இணையதளங்களைக் கொடுத்தார்கள். இரண்டும் குழந்தை மருத்துவர்களின் அமைப்புகள், பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் உள்ள அமைப்பு. மற்றது கருத்து மாறுபட்டுப் பிரிந்துபோன சிலர் 2002இல் தொடங்கிய சின்னக் குழு. எதை நம்பலாம் என்பதுதான் கேள்வி. கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழுவின் தளத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முனைவர்களிலேயே பலர், இரண்டும் நம்பகமாகத்தானே தெரிகின்றன என்று தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களில் ஒருவர்கூட ஏமாறவில்லை.

ஏன்? முனைவர்களும் மாணவர்களும் நல்ல வாசகர்கள். நல்ல வாசகர் என்ன செய்வார்? மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படிப்பார், அடிக்குறிப்பு இருக்கிறதா, இலச்சினை இருக்கிறதா, எழுத்து நேர்த்தியாக இருக்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் அந்தத் தளத்தை நடத்துகிறவர் கையில் இருப்பவை, எப்படி வேண்டுமானாலும் அலங்கரித்து வைக்கலாம். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவே இல்லை. சில நொடிகளில் வெளியே வந்து, பக்கத்திலேயே புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பு யாருடையது, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள்.

இந்தப் பழக்கத்தை அச்சிட்ட புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள்? புத்தகத்தில் நாம் பழக்குவது நின்று படிப்பதை, இணையத்தில் முதலில் பழக வேண்டியது வெளியே வந்து விசாரிப்பதை. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். எழுதியவர் யார், வெளியிட்டவர் யார், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று கேட்டுக் கேட்டே வேலை செய்கிற ஒரே ஆள் பள்ளியில் நூலகர்தான். அவரிடம்தானே இந்தப் பாடம் போய்ச் சேர வேண்டும்?

விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காதே என்று சொல்லும் பள்ளிகள் நிறைய உண்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நூலகத்தில் நாலு பேரை ஒரு கணினி முன்னால் உட்காரவைத்து, கட்டுரைக்கு மேலே இருக்கிற 'வரலாற்றைக் காட்டவும்' என்பதை அழுத்தச் சொல்லுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பது வரிசையாக வரும். இரண்டு பதிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் மாறிய சொற்கள் நிறம் மாறித் தெரியும். ஒருவர் ஓர் ஆண்டை மாற்றியிருப்பார், இன்னொருவர் அதைத் திருப்பிப் போட்டிருப்பார், 'உரையாடல்' பக்கத்தில் அதற்கான வாக்குவாதம் நடந்திருக்கும். "அப்போ இதில் எதைத்தான் நம்புறது?" என்று ஒரு பிள்ளை கேட்கும் பாருங்கள், அந்தக் கேள்விக்காகத்தான் நூலகமே இருக்கிறது. அப்புறம் கட்டுரையின் அடியில் உள்ள சான்று நூலைக் காட்டி, இது நம் அலமாரியில் இருக்கிறதா பார் என்று அனுப்பலாம். திரையிலிருந்து புத்தகத்துக்குப் போகிற வழி இதுதான் ஐயா.

சரி, கவனச் சிதறலுக்கு வருகிறேன். விரலால் தள்ளிக்கொண்டே போகும் காணொளிகள் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கின்றன, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கைபேசியைக் கொடுத்து நூலகத்தில் உட்காரவையுங்கள் என்று எங்கள் அணியில் யாரும் கேட்கவும் இல்லை. நாங்கள் கேட்பது சமூக ஊடகத்தில் நூலகத்துக்கென்று ஒரு கணக்கு, அதில் பிள்ளைகள் பார்க்கிறவர்களாக மட்டும் இல்லாமல் செய்கிறவர்களாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். ஒரு மாணவி தான் படித்த நாவலைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்கிறாள். அந்த ஒலிப்பதிவுக்கு ஒரு கியூஆர் குறியீடு உருவாக்கி, அச்சிட்டு, புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் ஒட்டிவிடலாம். அடுத்து அந்தப் புத்தகத்தை எடுக்கிற பையன் நூலகத்தில் உள்ள கருவியில் அதைக் காட்டினால் அவள் குரல் கேட்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு அவள் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். புத்தகத்தை முடித்தாக வேண்டும். கதையின் முடிவைச் சொல்லாமல் ஆவலைத் தூண்ட வேண்டும். நூறு விஷயத்தில் தொண்ணூற்றெட்டை விட்டுவிட்டு இரண்டை எடுக்க வேண்டும். முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "ஐயோ, நான் இவ்வளவு வேகமாகவா பேசுகிறேன்" என்று மறுபடி பேசுவாள். பரீட்சைக்கு எழுதுகிற கதைச் சுருக்கத்தில் இந்த உழைப்பைப் பார்க்க முடியுமா?

இன்னொன்று, பிள்ளைகள் நம் பரிந்துரையைவிடத் தங்கள் வயதுக்காரர் பரிந்துரையைத்தான் நம்புகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் வெளியாகி விற்பனை அடங்கிப்போன நாவல்கள், 2020க்குப் பிறகு டிக்டாக்கில் இளம் வாசகர்கள் பேசிப் பேசியே மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறின. நம் நாட்டு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் உலகத்துக்குக் கொடுத்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நூலுக்கு வாசகரைத் தேடிக் கொடுப்பதும் நூலகத்தின் கடமை என்றுதானே அதற்கு அர்த்தம்? அலமாரியில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிற நல்ல புத்தகத்துக்கு இன்றைக்கு வாசகர் எங்கே இருக்கிறாரோ, அங்கே போய்த்தான் அழைக்க வேண்டும். ஐந்தாவது விதி, நூலகம் வளரும் உயிர் என்கிறது. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

இரண்டே அலமாரி உள்ள பள்ளியையும் நினைத்துப் பாருங்கள். நூல்களை இணையத்தில் படிக்கத் தருகிற மின்னூலகங்கள் இருக்கின்றன: குட்டன்பர்க் திட்டம் 1971லிருந்து, இணைய ஆவணகம் 1996லிருந்து, தமிழுக்கு மதுரைத் திட்டம் 1998லிருந்து, ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் 2005லிருந்து. எல்லாம் காசில்லாமல் கிடைக்கிறது. அந்தப் பள்ளிக்கு இணைப்பு வேண்டாம் என்று சொல்ல எதிரணிக்கு மனசு வருமா?

கடைசியாகப் பாதுகாப்பு. மூன்றில் இதுதான் கனமான வாதம், இதை நான் லேசாகக் கடந்துபோக மாட்டேன். பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13 வயது நிரம்பாதவர்களைக் கணக்குத் தொடங்க விடுவதில்லை. பிள்ளைகளின் தகவல்களைக் காக்க அமெரிக்கா 1998இல் போட்ட சட்டத்திலிருந்து வந்த எல்லை அது. ஆஸ்திரேலியா அதை 16 ஆக்கி 2025 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்திவிட்டது. இந்தச் சட்டங்களை அப்படியே மதிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நிலை. அதனால்தான் கணக்கு நூலகத்துக்கு, பிள்ளைக்கு இல்லை என்கிறோம். கடவுச்சொல் இரண்டு பெரியவர்களிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளையின் முகம் வேண்டாம், முழுப் பெயர் வேண்டாம், பின்னூட்டம் அடைத்தே இருக்கட்டும். குரல் போவதற்கும் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், சின்னப் பிள்ளைகளின் பதிவுகள் பள்ளிக்கு வெளியே போகவே வேண்டாம். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை வெளியே சொல்லாமல் காப்பது நூலகர்களின் தொழில் அறம். அந்த அறம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தச் செயலி உன் தொடர்புப் பட்டியலைக் கேட்கிறதே, எதற்குக் கேட்கிறது என்று யோசி என்று சொல்லித் தருவதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

வயது எல்லை ஒருநாள் முடியும். 13 ஆகட்டும், 16 ஆகட்டும், பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை சட்டப்படி கணக்குத் தொடங்கும். அதுவரை நூலகத்தில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கும், வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் அன்றைக்கு வித்தியாசம் தெரியுமா தெரியாதா என்று எனக்குப் பின்னால் பேசுகிற எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும்.

இதையெல்லாம் செய்ய ஆள் எங்கே என்று அவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. நூலகர் இல்லாத பள்ளிகள் உண்டு. நூலகர் இருந்தும் வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க அனுப்பப்படுகிற பள்ளிகளும் உண்டு. அதற்குத் தீர்வு நூலகரை நியமிப்பது, அவரை நூலகத்தில் இருக்க விடுவது, ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பாடவேளையை அவருக்குக் கொடுப்பது. இது கேட்டு வாங்க வேண்டிய உரிமை. அதைக் கேட்கிற வலு இந்த அவைக்குக் கிடைக்கும்படி, துணையே என்று தீர்ப்புச் சொல்லுமாறு நடுவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.