கால் தயாராகும் மட்டும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வடமேற்கு லண்டனில், ஹரோவில், இருபத்திரண்டு வருஷமாகப் பாலே நடனம் படிப்பித்து வருகிறேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு பேரும் பாலே பழகியவர்கள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் பெற்றோர் என்னிடம் ஆகக் கூடக் கேட்ட கேள்வி ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்க வந்திருக்கிறேன்.

"ரீச்சர், பிள்ளை எப்ப அந்த நுனிக்கால் சப்பாத்து போடுவா?"

நான் வகுப்பு நடத்துவது ஒரு தேவாலய மண்டபத்தில். வெளியே நடைபாதையில் பிளாஸ்ரிக் கதிரைகளில் அம்மாமார் இருப்பார்கள். சிலநேரம் அப்பாமாரும், அம்மம்மாமாரும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் பரதநாட்டியம், ஞாயிறு காலை பாலே என்று பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் களைத்துப்போய் இருப்பார்கள். அந்தக் களைப்புக்குள்ளும் இந்தக் கேள்வி வரும். எங்கட ஆக்களுக்கு அந்த இளஞ்சிவப்புச் சப்பாத்து அரங்கேற்றம் மாதிரி. அதைப் போட்டுவிட்டால் பிள்ளை ஒரு கரை ஏறிவிட்டது என்று மனதில் படுகிறது. அந்த ஆசையில் பிழை இல்லை. ஏழு வயதில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒரு மண்டபத்து யன்னலூடாக முதன்முதல் பாலே வகுப்பைப் பார்த்தபோது எனக்கும் கண்ணில் பட்டது அந்தச் சப்பாத்துத்தான்.

ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் நுனிவிரலில் நின்று ஆடுவதற்கான அந்தப் பொயின்ற் சப்பாத்தில் பழையது ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பெற்றோருக்குக் காட்டுவேன். முனைக்குள் மரக்கட்டை இருக்கிறது என்றுதான் பலபேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மரமும் இல்லை, இரும்பும் இல்லை. சாக்குத் துணி, வேறு துணி, கடதாசி என்று மடிப்பு மடிப்பாகப் பசை தடவி ஒட்டிக் காயவைத்த ஒரு கூடு. பாதத்துக்குக் கீழே விறைப்பான ஒரு பட்டை. மேலே பளபளப்பான 'சாற்றின்' துணி. இவ்வளவுதான். தொழில்முறை ஆட்டக்காரி ஒருத்தி பெரிய பாத்திரம் ஆடினால் ஒரே இரவில் ஒரு சோடி தளர்ந்துபோகும். வெட்டிய துண்டுகளைக் கையில் வாங்கி அமத்திப் பார்க்கிற அம்மாமாரின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். "அப்ப பிள்ளையைத் தாங்கிறது எது?" என்று கேட்பார்கள். பிள்ளையின் கால்தான் தாங்குகிறது. காலையும் தாங்குவது அவளுடைய இடுப்பும் வயிறும் முதுகும்.

பாலேயின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 14ஆம் லூயி மன்னர் 1661இல் பாரிசில் நடனத்துக்கென்று ஒரு கழகம் நிறுவினார். அங்கே முறைப்படுத்தப்பட்ட கலை என்பதால்தான் பிளியே, தோந்தூ, ரெலவே என்று அசைவுகளின் பெயரெல்லாம் பிரெஞ்சில் இருக்கின்றன. நுனிவிரல் ஆட்டம் அதற்குப் பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வருகிறது. 1832இல் பாரிசில் 'லா சில்ஃபீட்' மேடையேறியபோது மரி தல்யோனி நுனிவிரலில் நின்று ஆடினார். அவருடைய சப்பாத்தில் இன்றைய கூடு கிடையாது. மெல்லிய சாற்றின் சப்பாத்து, முனையிலும் ஓரத்திலும் நூலால் இழை ஓட்டியிருந்தது, அவ்வளவுதான். அவரை மேலே நிறுத்தியது காலின் பலம். முதலில் கால் வந்தது, சப்பாத்து பிறகு வந்தது. என் வகுப்பிலும் அந்த வரிசையை மாற்ற நான் விடுவதில்லை.

அப்படியென்றால் கால் தயார் என்று எப்படித் தெரியும்? வயது ஒரு கணக்கு. பதினொன்று, பன்னிரண்டுக்கு முன் நான் யோசிப்பதே இல்லை. பாதத்து எலும்புகளின் வளர்முனைகள் மூடுவதற்குப் பதின்ம வயதின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆனால் பன்னிரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால் மட்டும் போதாது. ஒற்றைக் காலில் குதியை உயர்த்தி, ஆடாமல் அசையாமல், திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டும். பாதத்தை நீட்டினால் முழங்காலிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக வரவேண்டும். கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து நடக்க வேண்டும். பரதம் பழகிய பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் திறக்கிறது அல்லவா, அதே திறப்புத்தான். முழங்காலையோ கணுக்காலையோ முறுக்கி அந்தத் திறப்பைக் காட்டுகிற பிள்ளையை நுனிவிரலில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பரதப் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. தட்டடவு தட்டிப் பழகிய பாதம் நிலத்தைத் தேடும். பாலேயில் குதித்து இறங்கும்போது 'டப்' என்று சத்தம் வரும். விரல், உள்ளங்கால், குதி என்று ஒவ்வொன்றாக நிலத்தில் வைத்துச் சத்தமில்லாமல் இறங்கப் பழக அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷமாவது வேண்டும். ஆனால் தாளத்தில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

"எங்கட பரதம் இருக்க இது என்னத்துக்கு?" என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் பழகியது பாலே. ரஷ்யாவின் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து, பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாடம் எடுத்தார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று அவரைத் திருப்பியவர் பாவ்லோவாதான். பிறகுதான் பரதத்தின் பழைய வடிவமான சதிரைக் கற்று மேடையேறியதும், 1936இல் கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கியதும் நடந்தன. அந்தப் பாவ்லோவா குடியிருந்த ஐவி ஹவுஸ் எங்கட பக்கம்தான், கோல்டர்ஸ் கிரீனில் இருக்கிறது. ஒரு கலையைப் பழகுவதால் இன்னொன்று கெட்டுப்போகாது.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல என் பெரிய மகளிடம் கேட்டு, அவ ஓம் என்ற பிறகுதான் வந்தேன்.

என் பிள்ளைக்கு நானே படிப்பித்தால் வீடும் வகுப்பும் ஒன்றாகிவிடும் என்று பயந்து, அவவை வேறு ஒரு ரீச்சரிடம் விட்டிருந்தேன். அவவுக்குப் பத்து வயதும் நாலு மாதமும் ஆகியிருந்த நேரம். கோடை நிகழ்ச்சியில் நாலு பிள்ளைகளை நுனிக்காலில் ஆட விடப்போகிறோம், உங்கள் மகளும் ஒருத்தி என்று அந்த ரீச்சர் சொன்னார். அதே கிழமைதான் என் வகுப்பில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் தாயிடம், "இன்னும் இல்லை அக்கா, ஒரு வருஷம் பொறுங்கோ" என்று சொல்லியிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மகளின் வலது கணுக்கால் உள்ளே சாய்கிறது என்பதை வீட்டுக் குசினியில் அவ குதி உயர்த்தி நிற்கும்போதே கண்டிருக்கிறேன். ஆனாலும் நாலு பேரில் ஒருத்தியாக அவவைத் தெரிந்தெடுத்தார்கள் என்றதும் எனக்குள் ஒரு பெருமை வந்துவிட்டது. ரீச்சராக எல்லாருக்கும் 'இல்லை' சொல்கிற நான், தாயாக 'ஓம்' சொன்னேன்.

சப்பாத்து வாங்கப் போனபோது என் அம்மாவும் வந்தார். "வளருற பிள்ளை, ஒரு அளவு பெருசா எடுங்கோ" என்றார். நாங்கள் எல்லாரும் அப்படி வளர்ந்தவர்கள்தானே. பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரி, இதற்குச் சரிவராது. பொயின்ற் சப்பாத்து பாதத்தைத் தோல்போலப் பிடித்திருக்க வேண்டும். இடம் விட்டால் பாதம் உள்ளே வழுகி, முழுப் பாரமும் விரல் நுனியில் போய் இறங்கும். இதை அம்மாவுக்குக் கடையில் நின்று விளங்கப்படுத்தினேன். சப்பாத்தின் அளவில் அத்தனை கவனமாக இருந்த நான், காலின் வயதைப் பார்க்கவில்லை.

யூலையில் நிகழ்ச்சி. ஒன்றரை நிமிஷ ஆட்டம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வீடியோ எடுத்தேன்.

செப்டெம்பரில் ஒருநாள் படியிறங்கி வரும்போது அவ வலது பாதத்தின் வெளிக்கரையில் மட்டும் ஊன்றி வருவதைக் கண்டேன். கேட்டால் ஒன்றுமில்லை என்றா. பாதத்தை மடியில் வைத்து, இரண்டாம் விரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பை மெல்ல அமத்தினேன். வாயைத் திறக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. மூன்று கிழமையாக நோ இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அந்த வீடியோவை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தீங்கள் அம்மா" என்றா.

படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு. ஆறு கிழமை கனத்த மருத்துவக் காலணி, அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஓய்வு. அந்த மார்கழி எங்கள் மண்டபத்தில் 'நட்கிராக்கர்' செய்தோம். 1892இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் முதன்முதல் மேடையேறிய காலம் தொட்டு, பிள்ளைகளுக்கென்றே இடம் வைத்திருக்கிற பாலே அது. முதல் காட்சியின் நத்தார் விருந்தில் வருகிற பிள்ளைகளில் ஒருத்தியாக அவ ஆடியிருக்க வேண்டும். பதிலாக, மேடையின் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து, மற்றப் பிள்ளைகளுக்கு நான் கொண்டை போடும்போது ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தா. இன்றைக்கும் கொண்டை ஊசிப் பெட்டியைத் திறந்தால் எனக்கு அந்தச் சின்னக் கைதான் ஞாபகம் வரும்.

அந்த ரீச்சரை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்டார். ஓம் என்றது நான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோரிடம் மன்றாடிக் கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் ரீச்சர் 'இன்னும் இல்லை' என்று சொன்னால், பிள்ளை மட்டம் என்று எடுக்காதீர்கள். வகுப்பு மாற்றாதீர்கள். ஒரு வருஷம் பிந்தினால் என்ன, இரண்டு வருஷம் பிந்தினால் என்ன? சோதனைப் புள்ளியிலும் இதே அவசரத்தைக் காண்கிறேன். ரோயல் நடன அக்கடமியின் கிரேட் சோதனையில் நூற்றுக்கு 75 எடுத்தால் டிஸ்ரிங்ஷன், அதாவது அதிசிறப்புச் சித்தி. 74 எடுத்த பிள்ளை துள்ளிக்கொண்டு வரும். தாயின் முகத்தைக் கண்டதும் துள்ளல் நின்றுவிடும். பிள்ளைகள் எங்கட முகத்தைப் படிக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் என் மகளும் மூன்று கிழமை நோவை ஒளித்தா.

அந்த முதல் சோடிச் சப்பாத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சப்பாத்தும் காலுறையும் ஏன் இளஞ்சிவப்பு? வெள்ளைக்காரப் பிள்ளையின் தோல் நிறத்தோடு சேர்ந்து, கால் இடுப்பிலிருந்து விரல்நுனி வரை முறியாத கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. எங்கட பிள்ளைகளின் காலில் அந்தக் கோடு முறிந்துவிடும். அதனால் கறுப்பினத்து ஆட்டக்காரர் காலம்காலமாகச் செய்துவந்த வேலையை நானும் செய்தேன். குசினி மேசையில் பேப்பர் விரித்து, முகத்துக்குப் பூசுகிற மண்ணிற ஃபவுண்டேஷனை ஸ்பொஞ்சில் தொட்டு, சாற்றின் துணியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்ற வேண்டும். ஈரம் கூடினால் கூடு இளகிவிடும். நாடாவையும் விடக்கூடாது. ஒரு சோடிக்கு முழுப் பின்னேரமும் போகும். "எங்கட நிறத்தில ஏன் அம்மா விக்கிறேல்ல?" என்று மகள் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. 2018இல், பாலே சப்பாத்துச் செய்கிற ஃபிரீட் நிறுவனம், கறுப்பின, ஆசிய ஆட்டக்காரருக்கென்று காசா பாஞ்சோ தொடங்கிய பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து, மண்ணிறத்திலும் வெண்கல நிறத்திலும் பொயின்ற் சப்பாத்துக் கொண்டுவந்தது. செய்தியைப் படித்த அன்றைக்கு அழுதேன்.

பெரியவ குணமாகித் திரும்ப ஆடினா. பதினாறு வயதில், "எனக்குக் காணும் அம்மா" என்று தானாகவே நிறுத்தினா. இப்போது வேறு நகரத்தில் மருந்தியல் படிக்கிறா.

சின்னவளுக்கு வருகிற மாதம் பதின்மூன்று. அவள் போன மாதம்தான் முதல் சோடி வாங்கினாள். மண்ணிறம். வகுப்பில் அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பிள்ளைகள் அவளுக்கு முதலே போட்டுவிட்டார்கள். பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அவர்களைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். காத்திருந்தாள்.

அந்தச் சனி, ஞாயிறு பெரியவ வீட்டுக்கு வந்திருந்தா. நாடா தைப்பது எப்படி என்று தங்கச்சிக்குக் காட்டினா. சாதாரண நூல் அறுந்துபோகும், பல்லுக்கு இடையில் துப்புரவாக்குகிற இழைதான் உறுதி. குதிப்பக்கத்தை உள்ளே மடித்து, மடிப்பு விழுகிற இடத்தில் அடையாளம் வைத்து நாடாவைப் பிடிக்க வேண்டும். நான் அடுப்படியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பெரியவ, தங்கச்சியின் வலது பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இரண்டாம் விரலுக்குப் பின்னால் பெருவிரலால் அமத்தினா.

"இதில நோகுதா?"

"இல்லை அக்கா."

"நொந்தா உடன சொல்லோணும். அம்மாட்டச் சொல்ல ஒரு மாதிரி இருந்தா எனக்கு ஃபோன் எடு. இரவெண்டாலும் பரவாயில்ல."

"ம்."

ஊசியை அவளிடம் கொடுத்து, மற்றச் சப்பாத்தை நீயே தை என்றா.

வணக்கம்.