ஒரு யூனிட்டில் ஒரு நாள்

(ஊர்ப்புற நூலகம் ஒன்றில் வாசகர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பின்வரிசையில் பள்ளிச் சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16. தேதியைச் சொன்னதுமே இங்கே பலர் முகம் மாறுவது தெரிகிறது. கஜா புயல் கரை கடந்த நாள். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே நள்ளிரவு தாண்டிப் புகுந்தது. விடிவதற்குள் தென்னந்தோப்புகளைச் சாய்த்து, ஓடுகளைப் பிரித்தெறிந்து, டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்களைக் கீழே தள்ளிவிட்டுப் போனது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர 27 நாள் ஆனது. உங்களில் சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த யூனிட் எவ்வளவு பெரியது என்று என் உடம்புக்குத் தெரிந்தது அந்த 27 நாளில்தான்.

முதல் நாள் யாரும் விளக்கைத் தேடவில்லை. அரிக்கேன் இருந்தது, மெழுகுவத்தி இருந்தது. மத்தியானம் மாடித் தொட்டி காலியானபோதுதான் வீடு கலங்கியது. மூன்றாம் நாள் ஒரு குட்டி யானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். வீட்டுக்கு வீடு மோட்டாருக்கு வயர் கொடுத்துத் தொட்டியை நிரப்பிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். எங்கள் கொல்லையில் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த அடிபம்பு ஒன்று உண்டு. என் மைத்துனர் அதைக் கழற்றி, பழைய செருப்புத் தோலை வட்டமாக நறுக்கி வாஷர் போட்டார். மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அடித்தோம். முதலில் செம்மண் நிறத்தில் வந்தது, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடித்த தண்ணீரைக் குடம் குடமாகச் சுமக்கும்போதுதான் எண்ண ஆரம்பித்தோம். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு இருபது குடம். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் வைத்தால் முந்நூறு லிட்டர். யாரும் குளிக்காமல் இருக்கவில்லை, துணி துவைக்காமல் இருக்கவில்லை. அதற்கு முன்பு அதே நாலு பேருக்கு ஆயிரம் லிட்டர் தொட்டியைத் தினமும் நிரப்பிக்கொண்டிருந்தோம். மிச்ச எழுநூறு லிட்டர் எங்கே போனது என்று இன்றுவரை என்னால் கணக்குச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சமயம் என் உறவுக்காரர் வீட்டு மாடியில் சோலார் தகடுகள் இருந்தன. புயலுக்கும் அசையவில்லை. மேகம் விலகி நல்ல வெயில் அடித்தது, ஆனால் வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. மாட்டிக் கொடுத்தவர்கள் இதை முன்னால் சொல்லவே இல்லை என்று அவர் கொதித்துப்போனார். ஈ.பி. லைனோடு இணைத்த சோலார், லைன் செத்தால் தானும் நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவருக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது அல்லவா? பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள், முழங்கால் சேற்றில் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நம் வயல்களில் நடந்தார்கள். அவர்களை நினைத்துப் பார்த்தால் அந்த ஏற்பாடு நியாயம் என்று புரியும். ஆனால் மாடியில் தகடு இருந்தாலே கரண்ட் நம் கையில் என்று நம்பி ஏமாறாதீர்கள். பேட்டரியும், லைனிலிருந்து பிரிந்து தனியாக ஓடுகிற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் அது நம்முடையது.

இதற்குப் பிறகுதான் நானும் என் வீட்டாரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 16-ஆம் தேதி காலை மெயின் ஸ்விட்சை இறக்குவது, ஒரு வாரம் கழித்துத்தான் ஏற்றுவது. புயல் வந்து பறித்ததை நாமே ஒரு வாரம் விட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தது, இன்றுவரை நடக்கிறது.

மாடியில் 165 வாட் தகடு இரண்டு. கீழே 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 1.8 யூனிட். ஆனால் இந்த ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே கையில் இருப்பது ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நல்ல வெயிலடித்தால் தகடுகள் அதை ஒரே பகலில் நிரப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதி நிரம்பினாலே பெரிது. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் டி.வி.யைப் பற்றியே பேசுவோம்.

ஒரு யூனிட்டில் என்ன ஓடும்? 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, ஐந்து மணி நேரம். 30 வாட்டிலேயே ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, இரவு எட்டு மணி நேரம். போன்கள் சார்ஜ் ஆகும், செய்தி பார்க்கலாம், காலையில் சட்னிக்கு மிக்சியும் ஓடும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், அது இரண்டு ஓடினாலே யூனிட் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் பழைய ஃபேன்களை மாற்றியது இந்த ஒரு வாரம் கொடுத்த நெருக்கடியில்தான். கரண்ட் பில்லைப் பார்த்து அந்த வேகம் வந்ததே இல்லை.

சூடு விஷயத்தில்தான் கணக்கு உதைக்கும். ஒரு வாளித் தண்ணீர், பதினைந்து லிட்டர், இருபது டிகிரி சூடேற வேண்டும் என்றால் 0.35 யூனிட் போகும். அதே கரண்டில் அந்த 9 வாட் பல்பு கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம் எரியும். ஒருவர் குளிக்கிற வெந்நீருக்கு ஒரு வார சாயங்கால வெளிச்சம்! பச்சைக் குழந்தைக்கு வெந்நீர் வேண்டும் என்றால் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? பித்தளை அண்டாவில் தண்ணீரை நிரப்பிக் காலையிலேயே முற்றத்து வெயிலில் வைத்தார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டிலும் அதுதான். அண்டாவுக்குப் பதில் மாடியில் கறுப்பு டிரம்.

ஃப்ரிட்ஜ் இந்தக் கணக்குக்குள் வராது. பால் அன்றன்றைக்கு வாங்குகிறோம், மீனை வாங்கிய அன்றே குழம்பு வைத்துவிடுகிறோம், மாவு இரண்டு நாளைக்கு மேல் அரைப்பதில்லை.

மாவு என்றதும் ஒன்று. முதல் வருஷம் நான் மிக்சியையும் கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்மியில் அரைத்தால் ருசி என்று பேசவும் செய்தேன். நாலாம் நாள் என் மனைவி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் அடியில் தோல் உரிந்திருந்தது. "நீங்க மிச்சம் பிடிச்ச கரண்ட் இங்கதாங்க இருக்கு" என்றாள். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. மிக்சி ஐந்து நிமிஷம் ஓடினால் யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. ஆம்பளை மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று பெயர் வாங்க, பொம்பளை குனிந்து அரைக்க வேண்டுமா? சிக்கனத்தை எங்கே தொடங்குவது என்று பார்க்கிறவர்கள் இதை முதலில் பாருங்கள். இப்போது எங்கள் பட்டியலில் முதலில் மிக்சி, கடைசியில் டி.வி.

நம் மாநிலத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாள் கணக்கில் ஏறக்குறைய 1.7 யூனிட். எங்கள் ஒரு வார வாழ்க்கை அதற்குள் தாராளமாக அடங்கும். ஆனால் வருஷம் முழுக்க அப்படி இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மூச்சுத் திணறலுக்கு வீட்டில் நெபுலைசர் வைத்திருப்பவர்கள், பரிட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், கரண்டை வைத்துத் தையல் மெஷின் ஓட்டிப் பிழைப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ராத்திரி பத்து நிமிஷம்தான்.

வீட்டில் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும்தான். மெயினை மட்டும் இறக்க வேண்டாம். டார்ச்சை எடுத்துக்கொண்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே அச்சடித்திருக்கும். எங்கள் மீட்டரில் 3200. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம் என்று நினைத்து நான் நின்றேன். முப்பது வினாடிக்கு ஒருமுறை அது மின்னிக்கொண்டே இருந்தது. செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி., எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பழைய இன்வெர்ட்டர். கணக்குப் போட்டால் இடைவிடாமல் 37 வாட், ஒரு நாளைக்கு 0.9 யூனிட். நவம்பரில் ஒரு நாள் முழுக்க நாங்கள் நாலு பேர் வாழ்கிற கரண்ட், யாரும் எதையும் பயன்படுத்தாமலே போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, நோட்டில் நேரத்தையும் மின்னிய எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். கரும்பலகையும் சாக்பீஸும் நான் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு வீட்டுக் கணக்கையும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.