புல் மேயும் பல்லி: டெல்லியிலிருந்து தால் சாப்பர் வரை

வணக்கம் மக்களே. டெல்லி ஆர்.கே.புரம் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து பேசுகிறேன், காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. போன வாரம் ராஜஸ்தானில் சூரு மாவட்டத்துத் தால் சாப்பர் சரணாலயத்துக்குப் போய் வந்தேன். அங்கே எல்லாரும் வெளிமான் பார்க்கத்தான் போவார்கள், நான் போனது அங்கே சாண்டா என்று அழைக்கும் முள்வால் பல்லிக்காக.

படம் போட்டதும் "உடும்பா?" என்று நிறைய பேர் கேட்டீர்கள். இல்லை. உடும்பு வேட்டையாடித் தின்னும். இது முள்வால் பல்லி. குட்டியாக இருக்கும்போது பூச்சியையும் பிடித்துத் தின்னும், ஆனால் வளர்ந்த பிறகு பெரும்பாலும் புல், இலை, பூ, விதைதான். மழைக்காலத்தில் மட்டும் பூச்சி கொஞ்சம் கூடும். ஆண் பல்லி ஒரு முழம் நீளம் இருக்கும், அவ்வளவு பெரிய உருவம் ஆடு மாதிரி புல்லைக் கடித்து இழுத்து மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்! தண்ணீரைத் தேடி எங்கும் அலைவதில்லை, தின்னும் பச்சையிலிருந்தே வேண்டிய ஈரம் கிடைத்துவிடுகிறது.

விடியற்காலையிலேயே போய் வளைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வன்னி மரத்தடியில் உட்கார்ந்தேன், ஆமாம், நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் அதே வன்னிதான். வளை வாய் மண்ணால் மூடியிருந்தது. உள்ளே படுக்கும்போது அதுவே மூடிக்கொள்ளும். வெயில் ஏறி மண் சூடான பிறகுதான் முதலில் தலை மட்டும் தெரிந்தது, அப்புறம் மெதுவாக உடம்பு. அந்த நேரத்தில் நிறம் கருத்து இருக்கும், அது சூட்டை வேகமாக உறிஞ்ச, உடம்பு சூடேறியதும் வெளிறிவிடும். மேய்ச்சலும் வளையை விட்டு அதிக தூரம் போகாமல்தான், ஏனென்றால் மேலே பருந்து, வல்லூறு சுற்றுகின்றன. நிழல் பட்டால் ஒரே ஓட்டம். உள்ளே போனதும் முள் வாலை வாசல் பக்கம் வைத்து விசிறும். குளிர்காலம் முழுக்க வெளியே வராது, வாலில் சேர்த்த கொழுப்பில் உறங்கும்.

அந்தக் கொழுப்புக்காகத்தான் இதைக் கொல்கிறார்கள். வளையைத் தோண்டிப் பிடித்து, ஓடிவிடாமல் இருக்க முதுகெலும்பை முறித்து, எண்ணெய் காய்ச்சி 'ஆண்மைக்கு' என்று சாலையோரம் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், அது வெறும் கொழுப்பு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதே குற்றம்.

சரி, இப்போது அது வளையிலிருந்து வெளியே வரும் காட்சியை வெட்டாமல் அப்படியே போடுகிறேன். ஒலியைக் கூட்ட வேண்டாம், அங்கே காற்று மட்டும்தான்.