குழந்தையின் மாதக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளின் உடல் வளர்ச்சியைப் பற்றியும், அவர்கள் தலை நிமிர்த்தி, குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நடக்கக் கற்பதைப் பற்றியும் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். குழந்தை மருத்துவர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஓர் ஒப்பீட்டில்தான் தொடங்குகின்றன. பக்கத்து வீட்டுப் பையன் பத்து மாதத்திலேயே நடந்துவிட்டான், எங்கள் பெண் ஒரு வயது முடிந்தும் சுவரைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள் என்பார் தாய். இவளுடைய அப்பனும் ஒன்றரை வயதில்தான் நடந்தான், பேசாமல் இரு என்று மாமியார் சமாதானம் சொல்வார். இருவர் பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக வைத்துத் தீர்மானிக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளின் வளர்ச்சியை அளந்து பார்த்தது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவற்றுடன் இந்தியாவும் அதில் இருந்தது. நம் நாட்டுக் குழந்தைகள் தெற்கு தில்லியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தாய்ப்பால் குடித்து, ஓரளவு வசதியும் தூய்மையும் உள்ள வீடுகளில், புகைபிடிக்காத தாய்மாரிடம் வளர்ந்த குழந்தைகள் இவர்கள். இப்படிப்பட்ட சூழல் அமைந்தால் ஐந்து வயது வரை தில்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி உயரம் வளர்கின்றன என்பதே அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. 'நம் ஊர்ப் பிள்ளைகள் குட்டையாகத்தான் இருப்பார்கள்' என்று நாம் சொல்லிப் பழகிய பேச்சுக்கு, குறைந்தபட்சம் முதல் ஐந்து வயதைப் பொறுத்தவரை, இதற்குப் பிறகு இடமில்லை. அந்த அளவுகளைக் கொண்டு 2006-இல் வெளியிடப்பட்ட வளர்ச்சி வரைபடங்களே இன்று நம் அங்கன்வாடிகளிலும் பயன்படுகின்றன.

அதே ஆய்வின் ஒரு பகுதியாக, ஐந்து நாடுகளைச் சேர்ந்த 816 குழந்தைகள் எந்த வயதில் உட்கார்ந்தார்கள், தவழ்ந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள் என்றும் குறித்தார்கள். கையை ஊன்றாமல், தலை நிமிர்ந்து, பத்து விநாடியாவது இருந்தால்தான் அது உட்கார்ந்ததாகக் கணக்கு. எதையும் பிடிக்காமல் தொடர்ந்து ஐந்தடி வைத்தால்தான் நடந்ததாகக் கணக்கு. இவ்வளவு கறாராகப் பார்த்தும் கிடைத்த இடைவெளிகள் மிக அகலமானவை. துணையின்றி உட்காருவது ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், பதினேழரை மாதத்திலும் வரலாம். சராசரி 12 மாதம். கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வதையோ, நூற்றுக்கு நான்கு குழந்தைகள் செய்யவே இல்லை. அவர்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்தோ, நேராக எழுந்து நின்றோ நடைக்குப் போய்விட்டார்கள். ஆகவே தவழாமல் நடந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் ஏதோ குறை வரும் என்று, மற்ற எல்லாம் சரியாக இருக்கும்போது, அஞ்ச வேண்டியதில்லை.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் மாதக் கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்திலும், கைகொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்திலும், தளர்நடை போட்டு வரச்சொல்லி அழைக்கும் வருகையைப் பதின்மூன்றாம் மாதத்தை ஒட்டியும் அமைப்பது வழக்கம். உற்றுப் பார்த்தவர்களின் கணக்கு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாட்டுக்கு ஒரு மாதம் போதும்; மருத்துவத்துக்குத் தொடக்கமும் முடிவும் உள்ள இடைவெளி வேண்டும்.

இந்தத் திறன்கள் ஓர் ஒழுங்கில் வருகின்றன. முதலில் கழுத்து, பிறகு தோள், முதுகு, இடுப்பு, கடைசியில் கால் என்று மேலிருந்து கீழாகத் தசைகள் குழந்தையின் வசப்படுகின்றன. கையிலும் அப்படித்தான். ஐந்தாறு மாதக் குழந்தை உள்ளங்கையால் வாரி எடுக்கும். ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் ஒரு பொரியைப் பொறுக்கி எடுக்கும். இவையெல்லாம் மூளை முதிர முதிரத் தானாக நிகழ்பவை என்றே நெடுங்காலம் கருதி வந்தார்கள். பிறந்த குழந்தையை அக்குளில் தாங்கிப் பாதம் தரையில் படும்படி நிறுத்தினால், அது கால் மாற்றிக் கால் எடுத்து வைக்கும். இரண்டு மாத வாக்கில் அந்த அசைவு மறைந்துவிடும். மூளை வளர்ந்து அதை அடக்கிவிடுகிறது என்பதுதான் பழைய விளக்கம். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலனும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் மிக எளிய ஒரு சோதனை செய்தார்கள். குழந்தையின் கால்களை நீரில் அமிழ்த்திப் பிடித்தபோது அடிகள் கூடின; கால்களில் சிறு எடையைக் கட்டியபோது குறைந்தன. அந்த வயதில் தொடையில் சேரும் கொழுப்பைத் தூக்கும் வலு தசைக்கு இன்னும் வரவில்லை என்பதே செய்தி. அதாவது உடலின் எடை, தசையின் வலு, பழகக் கிடைக்கும் இடம் ஆகிய எல்லாமும் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை நடக்க வைக்கின்றன.

பழகும் இடம் என்று சொன்னேன். நம் வீடுகளில் பாதுகாப்பைக் கருதியும், வேலை நெருக்கடியாலும், பகற்பொழுதின் பெரும்பகுதியைத் தூளியிலோ இடுப்பிலோ கழிக்கும் குழந்தைகள் உண்டு. தூளியில் தூங்கட்டும், குறையில்லை. விழித்திருக்கும் நேரத்தில் அதற்குத் தரை வேண்டும். பாயை விரித்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, நாளில் சிலமுறை சற்று நேரம் குப்புறப் படுக்கவிட்டால் கழுத்தும் தோளும் வலுப்பெறும். தூங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்க வேண்டும். நடக்கத் தொடங்கிய குழந்தைகளை நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் என்னும் ஆய்வாளர் கவனித்து 2012-இல் வெளியிட்ட கணக்கில், அவை விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் வைத்தன, 17 முறை விழுந்தன. அத்தனை முறை விழுந்தெழுவதுதான் பயிற்சி. ஒவ்வொரு விழுதலுக்கும் ஓடிவந்து தூக்கும் தாத்தா பாட்டிகள் இதைச் சற்று மனத்தில் கொள்ளலாம்.

இங்கே நடைவண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பழைய மரத்து நடைவண்டியை, தானாக எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளைதான் பிடித்துத் தள்ள முடியும். உடம்பின் பாரத்தைத் தன் காலிலேயே தாங்கி, வண்டி ஓடிவிடாமல் பார்த்து அடி வைக்க வேண்டும். கடைகளில் இப்போது 'வாக்கர்' என்று விற்கப்படும் வட்டச் சட்டத்திலோ, நிற்கவே தெரியாத ஆறுமாதக் குழந்தையைத் துணி இருக்கையில் தொங்கவிடுகிறோம். நுனிக்காலால் உந்தினால் போதும், வீடு முழுவதும் உருண்டோடும். இதனால் நடை விரைவில் வருவதில்லை. சில ஆய்வுகளில் சற்றுத் தாமதமே ஆகியிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: படிக்கட்டில் உருள்வதும், அடுப்பங்கரையில் எட்டாத பாத்திரம் கைக்கு எட்டிவிடுவதும் இதனால்தான். கனடா 2004-இல் இதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் பெயர்சூட்டு விழாவுக்கு இன்னும் பரிசாக வந்துகொண்டிருக்கிறது. வந்தால் பரணில் ஏற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து.

இனி எடைக்கு வருவோம். பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் எடை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை குறையும். இரண்டு வாரத்துக்குள் அது ஈடாகிவிடும். இதை அறியாமல், பால் போதவில்லை என்று மூன்றாம் நாளே புட்டிப்பாலுக்குத் தாவுகிறவர்கள் பலர். ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடை இரட்டிக்கும், ஓராண்டில் மும்மடங்காகும். அதாவது மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் ஆண்டில் ஆறு கிலோவும் 25 சென்டிமீட்டரும் கூடுகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டரைக் கிலோவுக்குள்தான், உயரமும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். வளர்ச்சியின் வேகம் பாதியாகக் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. ஒன்றேகால் வயதுப் பிள்ளை 'சாப்பிடவே மாட்டேன் என்கிறது' என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் விடை. மொட்டை மாடிக்கும் தெருமுனைக்கும் தூக்கிக்கொண்டு போய் வாயில் திணிப்பதால் தீராத சிக்கல் இது. எடை தன் கோட்டில் ஏறிக்கொண்டிருந்தால் அங்கே சிக்கலே இல்லை.

கோடு என்பதுதான் இதில் உயிர்நாடி. ஒருமுறை எடுத்த எடை அதிகம் சொல்லாது. மாதந்தோறும் எடுத்துப் புள்ளியிட்டு இணைத்த கோடுதான் பேசும். தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல முன்னனுபவம் உண்டு. 1980-இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதம் தவறாமல் எடை பார்த்தார்கள். ஒல்லியாகத் தெரிகிற எல்லாருக்கும் உணவு என்றில்லாமல், எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைகளைத் தேர்ந்து மூன்று மாத காலம் கூடுதல் உணவு தந்தார்கள். மெலிந்த குழந்தையின் கோடு மேலேறிக்கொண்டிருந்தால் நல்லது. கொழுகொழுவென்ற குழந்தையின் கோடு இரண்டு மாதமாகப் படுத்துவிட்டால் காரணம் தேட வேண்டும் என்ற பாடம் அதில் இருந்தது.

அளப்பதிலும் கவனம் வேண்டும். வெள்ளி அரைஞாணும் கொலுசும் வளையலும் சட்டையுமாக நிறுத்தி எடுத்த எடையை, அடுத்த மாதம் அவையின்றி எடுத்த எடையோடு ஒப்பிட்டுப் பதறுகிறவர்களைப் பார்க்கிறோம். இரண்டு வயது வரை குழந்தையைப் படுக்கவைத்து நீளம் பார்க்கிறோம், அதன்பின் நிறுத்தி உயரம் பார்க்கிறோம். நிற்கும்போது முக்கால் சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவாகக் காட்டும். இரண்டாம் பிறந்தநாளுக்குப் பிறகு பிள்ளை குறுகிவிட்டதோ என்று யாரும் மருந்து தேட வேண்டாம்.

ஆனாலும் கவலைக்கு உண்மையான இடம் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்டோரில் பாதிக்கும் அதிகமானவர்களுக்கு இரத்தசோகை. கோடு பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பின்தான் சாய்கிறது. அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. பிறந்தவுடன் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவில் தடவும் சேனை வழக்கத்தைக் கைவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் துவளச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும் என்பதால், ஒரு வயது வரை தேனே கூடாது. ஆறு மாதத்தில் பிறப்போடு வந்த இரும்புச்சத்தின் இருப்பு தீரத் தொடங்குகிறது, பால் மட்டும் அதற்கு ஈடாகாது. அப்போது நாம் கொடுப்பது நீர்த்த கஞ்சியாக இருந்தால் சின்ன வயிறு தண்ணீராலேயே நிரம்பிவிடும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்கும் பதத்தில் பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த கீரை, முட்டை, உண்பவர்கள் வீட்டில் மீனும் ஈரலும், மேலே ஒரு சொட்டு நெய் அல்லது எண்ணெய் என்று கொடுக்க வேண்டும். இரத்தசோகை உள்ள குழந்தை சோர்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும்; நகர்ந்து பழகாததால் நடையும் பிந்தும்.

தாமதத்தைக் கணக்கிடும் முன், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரை, வளர்ச்சியை மதிப்பிடும்போது இரண்டு மாதத்தைக் கழித்தே பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய 17 திறன்கள் கொண்ட அட்டையை நம் செவிலியர் பலர் அறிவார்கள். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பட்டை. அது தொடங்கும் மாதமும் முடியும் மாதமும் அதிலேயே இருக்கும். குழந்தையின் வயது உள்ள இடத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறமே முடிந்துவிட்ட பட்டைகளில் குழந்தை செய்யாதது எது என்று பார்த்தால் போதும். அங்கன்வாடிப் பணியாளரே இதைச் செய்துவிட முடியும்.

நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் கடந்தும் உட்காரவில்லை, பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால், பாட்டி சொல்லும் சமாதானத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தெரிந்திருந்த ஒரு திறன் எந்த வயதில் மறைந்தாலும் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும். பெற்றோர் பலர் பெருமையாகச் சொல்லும் ஒன்றும் இதில் உண்டு: ஆறேழு மாதக் குழந்தை எதையும் வலக்கையால் மட்டுமே எடுக்கிறது என்பார்கள். ஒரு வயதுக்குமுன் குழந்தை இரு கைகளையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு கையையே நாடினால் மற்றக் கையில் பலக்குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகு, இத்தகைய குழந்தைகளுக்கென்றே மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே கட்டணமின்றிப் பரிசோதித்து, விளையாட்டாகவே செய்யக்கூடிய இயன்முறைப் பயிற்சிகளைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்து அனுப்புவார்கள். போகும்போது தாய்சேய் நல அட்டையையும், பிறந்தபோது மருத்துவமனையில் தந்த சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பிறந்த எடையும் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதும்தான் அங்கே முதலில் கேட்கப்படும். வணக்கம்.