அற்புதப் பதக்கம் எப்படி வந்தது?

[திரையில்: முட்டை வடிவப் பதக்கம், மிக அருகில்]

கழுத்தில் செபமாலையோடு இந்தப் பதக்கத்தையும் போட்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் அடியில் 1830 என்று இருக்கும். மாதா காட்சி கொடுத்த ஆண்டு அது.

[பிரான்ஸ், பர்கண்டி வயல்வெளி]

கத்தரின் லபூரே விவசாயி மகள். ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனார். சிறுமி நாற்காலி மேல் ஏறி, வீட்டிலிருந்த மாதா சுரூபத்தைக் கட்டிக்கொண்டு, இனி நீங்கள்தான் என் அம்மா என்றாளாம். வளர்ந்ததும் பாரிசில் ரூ து பாக் தெருவிலுள்ள பிறரன்புப் புதல்வியர் மடத்தில் சேர்ந்தார்.

[இரவு, சிற்றாலயம், மெழுகுவர்த்திகள்]

1830 ஜூலை 18 இரவு. ஒரு குழந்தை வந்து எழுப்பி அவரைச் சிற்றாலயத்துக்கு அழைத்துப்போனது. மாதா வந்து நாற்காலியில் அமர்ந்தார். கத்தரின் முழந்தாளிட்டு, மாதாவின் மடிமேல் கைகளை வைத்தபடி நெடுநேரம் பேசினார். தாயில்லாமல் வளர்ந்த பெண்ணுக்கு ஒரு மடி! இந்த இடத்தை என்னால் சட்டென்று கடந்துபோக முடிவதில்லை.

நவம்பர் 27 அன்று மறுபடியும் காட்சி. மாதாவின் மோதிரங்களிலிருந்து ஒளிக்கதிர்கள் பாய்ந்தன. சில கற்கள் மட்டும் ஒளிரவில்லை. மக்கள் கேட்க மறந்துபோன வரங்களாம் அவை. "பாவமின்றி உற்பவித்த மரியாயே, உம்மைத் தேடி வரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற செபம் சுற்றிலும் தெரிந்தது. இதே உருவில் பதக்கம் செய்யும்படி கட்டளை கிடைத்தது.

சரி, கத்தரின் இதைச் சொன்னதும் அவருடைய ஆன்ம குருவான அலதேல் உடனே நம்பினாரா? இல்லை. அப்புறம் பாரிஸ் பேராயர் அனுமதித்து, 1832-இல் பதக்கம் வெளிவந்தது. அந்த ஆண்டுதான் பாரிசைக் காலரா வாட்டியது. சகோதரிகள் பதக்கத்தை நோயாளிகளிடம் கொடுத்தார்கள். சுகம் கிடைத்ததென்று பலரும் சொல்ல, 'அற்புதப் பதக்கம்' என்று மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். விரைவிலேயே அது கோடிக்கணக்கில் பரவியது.

[முதியோர் இல்லம், கோழிக்கூடு]

கத்தரின்? பாரிசின் ரூயி பகுதியில் முதியோர் இல்லத்தில் இருந்தார். கிழவர்களைப் பார்த்துக்கொண்டார், கோழி வளர்த்தார். காட்சி கண்டவர் தாம்தான் என்று ஆன்ம குருவைத் தவிர யாரிடமும் 46 ஆண்டுகள் வாய்திறக்கவில்லை. மரணம் நெருங்கிய 1876-இல்தான் மடத்துத் தலைவியிடம் சொன்னார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

[ரூ து பாக், இன்று]

அதே சிற்றாலயத்தில் அவருடைய உடல் இருக்கிறது. மாதா அமர்ந்த நாற்காலியும் அங்கேயே இருக்கிறது.