சிறுகக் கட்டிப் பெருக வாழ்
(கோத்தகிரி நூலக வார விழா உரை)

மழையிலும் ஊட்டியிலிருந்து வந்து தலைமை ஏற்றிருக்கும் நூலக ஆய்வாளர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த தேயிலை விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அம்மா அவர்களே, அரவேணுவிலிருந்தும் கட்டபெட்டிலிருந்தும் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் கூம் படித்த விதம், கட்டிய விதம் என இரண்டு செய்திகள். இரண்டுக்கும் ஒரே பழமொழி: சிறுகக் கட்டிப் பெருக வாழ்.

உக்ரைனில் பிறந்தவர். 1992இல், 16 வயதில், தாயோடும் பாட்டியோடும் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவுக்கு வந்தார். தாய் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனார். மகன் மளிகைக் கடையில் தரை கூட்டினார். உணவுச் சீட்டுக்காக நலத்துறை அலுவலகத்தில் வரிசையில் நின்ற குடும்பம். நம் ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்! 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்க வந்தது. கையெழுத்துப் போட கூம் எங்கே போனார்? பெரிய ஹோட்டலுக்கா? வக்கீல் அலுவலகத்துக்கா? இல்லை. ரயில் பாதைக்கு அப்பால், பூட்டிக் கிடந்த வெள்ளைக் கட்டடத்துக்கு. அதே பழைய நலத்துறை அலுவலகம்! அந்தக் கதவில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். பக்கத்தில் கூட்டாளி பிரையன் ஆக்டன். 2009இல் அந்த ஆக்டனுக்கு வேலை இல்லை என்று சொன்னதும் இதே ஃபேஸ்புக்தான்.

கட்டிய விதம் கேளுங்கள். விற்றபோது பயனர்கள் 45 கோடி, பொறியாளர்கள் 32 பேர். எர்லாங் என்ற கம்ப்யூட்டர் நிரல் மொழியில் ஒவ்வொரு பயனரின் இணைப்புக்கும் தனியாக ஓடும் மிகச் சிறிய நிரல். ஒன்று விழுந்தால் மற்றது விழாது. அதனால் 2012இலேயே ஒரே சர்வர், அதாவது செய்திகளை வாங்கி அனுப்பும் மையக் கம்ப்யூட்டர், 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியது. கோடநாட்டுச் சரிவில் சிக்னல் இல்லாதவருக்கு அனுப்பினால் ஒற்றை டிக் நிற்கும். செய்தி 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கும். போய்ச் சேர்ந்ததும் அங்கே அழியும். சிறுகக் கட்டுவது இதுதான்.

இவ்வளவையும் எங்கே படித்தார்? பழைய புத்தகக் கடையில் கையேடுகளை வாங்கி, படித்து, திருப்பிக் கொடுத்து, 18 வயதுக்குள் நெட்வொர்க்கிங், அதாவது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை, கற்றார். அந்தக் கடை நம் பிள்ளைகளுக்கு எது? இந்தக் கிளை நூலகம்தான். இங்கே நெட்வொர்க்கிங்குக்கு ஓர் அலமாரித் தட்டு வேண்டும். பழைய கம்ப்யூட்டர் 2, கம்ப்யூட்டர்களை இணைக்கும் எட்டு போர்ட் சுவிட்ச் பெட்டி 1, கேபிள், கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி. கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளான ஃப்ரீபிஎஸ்டி இலவசம், வாட்ஸ்அப் ஓடியதும் அதில்தான். கேபிள் முனையில் ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிகளை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள், இணைப்பு தடுமாறும். நம் ஊர் ஈரத்தில் பின்கள் பச்சை பிடிக்கும், சுவிட்சைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழலாம், ஐயா!

பஸ் வந்துவிடும். இந்தத் தட்டைக் கேட்கும் மனுவை ஆய்வாளர் ஐயா கையில் இப்போதே தருகிறோம். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருப்பவர்கள் செயலாளர் அம்மாவிடம் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.