மகனைத் தடுத்தது பொறாமையே!

நடுவர் அவர்களே, இதுவரை பேசி அவையைக் கண் கலங்க வைத்த எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ நாடகத்தில் ட்ராய் மேக்ஸன் தன் மகன் கோரியின் விளையாட்டுக்குக் குறுக்கே நின்றது அக்கறையாலா, பொறாமையாலா? இதுதான் தலைப்பு. அக்கறை என்கிறது எதிரணி. பொறாமை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நாடகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1957, பிட்ஸ்பர்க் நகரம். ட்ராய்க்கு 53 வயது, குப்பை லாரியில் வேலை. ஒரு காலத்தில், கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த லீக்கில் பேஸ்பால் சூரர். கறுப்பினத்தவரைச் சேர்க்காத பெரிய லீக்கின் நிறத்தடையை 1947-இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் உடைத்தபோது இவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இப்போது மகனை அமெரிக்கக் கால்பந்து ஆட ஒரு கல்லூரி உதவித்தொகையோடு கூப்பிடுகிறது. அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார்.

“பட்டவருக்குத்தானே வலி தெரியும்? வெள்ளைக்காரன் மகனையும் ஏமாற்றுவான் என்று பயந்தார்” என்றார் எதிரணித் தலைவர். சரி, அதே மனிதர் தன் வேலையில் என்ன செய்கிறார்? வெள்ளைக்காரர்கள் மட்டும் லாரி ஓட்ட, நாங்கள் மட்டும் குப்பை தூக்க வேண்டுமா என்று மேலதிகாரியிடமே கேட்கிறார். தொழிற்சங்கம் வரை போகிறார். ஓட்டுநர் வேலையை வாங்கியே விடுகிறார், ஓட்டுநர் உரிமமே இல்லாமல்! கைதட்டுங்கள், எனக்கும் அந்த இடம் பிடிக்கும். ஆனால் தனக்கென்றால் மாறுகிற உலகம் மகனுக்கென்றால் மாறாதா?

இன்னொன்று. பெரிய லீக்கில் ஆடும் கறுப்பின பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரனைப் பற்றிக் கோரி பேசுகிறான். அந்த 1957-இல்தான் ஆரன் ஆடிய மில்வாக்கி பிரேவ்ஸ் அணி பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரை வென்றது. ட்ராயோ, ஆரனெல்லாம் ஓர் ஆளே இல்லை என்கிறார். மகனை நினைத்துப் பயப்படுகிறவர் ஆரனை ஏன் மட்டம் தட்ட வேண்டும், நடுவர் அவர்களே? ‘பெரிய லீக்கில் ஆட உங்களுக்கு அப்போதே வயதாகிவிட்டது, அதை ஒப்புக்கொள்ளுங்களேன்’ என்று மனைவி ரோஸ் சொன்னதும் அவர் குதிக்கிற குதியில் பதில் இருக்கிறது.

ஒன்றை நான் மறுக்கவில்லை. பதினான்கு வயதில் அப்பாவிடம் அடிபட்டு வீட்டை விட்டு ஓடியவர், தன் பிள்ளைக்குச் சோறும் கூரையும் கொடுத்தார். பெரிய விஷயம்தான். ஆனால் ‘என்னை ஏன் உங்களுக்குப் பிடிக்கவே இல்லை?’ என்று மகன் கேட்கும்போது, பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது, சோறு போடுவது என் கடமை என்கிறார். அவரே சொந்தம் கொண்டாடாத பாசத்தை எதிரணி ஏன் வம்படியாக அவர் தலையில் கட்டுகிறது?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். பையன் மளிகைக் கடை வேலையை விட்டதால் வந்த கோபம் அது என்று அடுத்துப் பேசும் அம்மையார் சொல்லக்கூடும். வார இறுதியில் அவன் வேலை பார்க்கக் கடைக்காரரே சம்மதித்துவிட்டார். கண்டிக்க வேண்டுமென்றால் மகனைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். இவரோ அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பள்ளிக்குப் போகிறார். இனி அவன் ஆடமாட்டான், கல்லூரிக்காரரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று பயிற்சியாளரிடம் பேசிவிட்டு வருகிறார். அக்கறை இருந்தால் முதுகுக்குப் பின்னால் ஏன் போக வேண்டும்? அம்மையார் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.